அமுக்கினால் அடிக்கும்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தப் பொருளும் பத்து அம்சங்கள் இல்லாமல் நடமாட முடியாது. கட்டில், சக்கர நாற்காலி, எச்சில் கிண்ணம், எதுவானாலும் அதற்குப் படிவம் பதினொன்றை நிரப்ப வேண்டும். அதில் 'பொருளின் அம்சங்கள்' என்ற தலைப்பின் கீழ் பத்து வரிகள் இருக்கும். ஒரு வரியும் காலியாக இருக்கக் கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும். ஏன் பத்து என்று விசாரித்திருந்தால், அச்சகத்துக்காரர் தாளில் மிச்சமிருந்த இடத்தில் பத்துக் கோடு இழுத்துவிட்டார் என்பது தெரியவந்திருக்கும். யாரும் விசாரிக்கவில்லை. எச்சில் கிண்ணத்துக்குக்கூடப் பத்து அம்சங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் எட்டாவது, 'கவிழ்த்து வைத்தால் மூடியாகவும் பயன்படும்'.

இந்த ஆஸ்பத்திரியின் வயர்மேனுக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. இருபத்திரண்டு வருஷமாக ஓடாத மின்விசிறியை ஓட வைத்து, எரியாத விளக்கை எரிய வைத்துக் காலம் தள்ளியவர். படிவம் என்றாலே அவருக்கு ஆகாது. அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். ஆனால் அவருடைய அக்காவுக்கு வாதம் வந்து, முதல் மாடி வார்டில் பதினேழாம் எண் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள்.

அம்மா போனபோது வயர்மேனுக்கு ஏழு வயது. துணி தைக்கும் பட்டறைக்குப் போய் அவரை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். இப்போது அவளுக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்டது.

வார்டின் தலைமை நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் வயர்மேனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க அக்காவுக்கு விழுங்குறது சரியா வரலை. தொண்டையில சளி அடைச்சா நாங்க குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கணும். நாலு நிமிஷம் தாண்டினா ஆபத்து. கத்திக் கூப்பிடவும் அவங்களால முடியாது. முப்பத்திரண்டு கட்டிலையும் நாங்க பார்த்துட்டே நிக்க முடியுமா? நீங்க வயர்மேனாச்சே, ஏதாவது பண்ணுங்க."

வயர்மேன் அன்று மதியமே ஏதோ பண்ணினார். உடைந்த இயந்திரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தானைக் கழற்றினார். அதை அக்காவின் இடது கைக்குக் கீழே பொருத்தி, வயர் இழுத்து, நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் ஒரு மணியை மாட்டினார். கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கும், விளக்கு எரியும், சிஸ்டர் வருவார். அவ்வளவுதான்.

மூன்றே நாளில் வார்டில் கலகம் வந்துவிட்டது. ஒன்பதாம் கட்டிலில் இருந்த பஸ் டிரைவர், "நாப்பது வருஷம் ஹாரன் அடிச்ச கை சார் இது, எனக்கு ஒண்ணு இல்லையா?" என்று சண்டைக்கு வந்தார். ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு கட்டிலுக்கும் சிவப்புப் பொத்தான் வந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. உடம்பு தேறி வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெரியவர், பொத்தானையும் கழற்றிக் கொடுங்கள் என்று அடம்பிடித்தார். "வீட்டுல இதை அமுக்கினா யாரு வருவா? நான்தான் வரணும்!" என்று அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பதினேழாம் கட்டிலிலிருந்து மட்டும் வயர்மேன் இன்னொரு வயரைத் தன் அறைவரைக்கும் இழுத்து வைத்துக்கொண்டார். அக்கா ஒருமுறை அமுக்கினால் சிஸ்டருக்கு. விட்டு விட்டு இரண்டுமுறை அமுக்கினால் அது தம்பிக்கு. அந்த இரண்டு மணிக்கு 'டேய்' என்று அர்த்தம். சாப்பிட்டாயா என்று கேட்க, தலையணையைத் திருப்பிப் போடச் சொல்ல, சும்மா முகத்தைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதே 'டேய்'தான். பேச்சு போன அக்கா மறுபடியும் தன்னை அதட்ட ஆரம்பித்ததில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நல்லது நடந்தால் ஆஸ்பத்திரி விட்டுவைக்குமா? உபகரண மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு ஓர் இயக்குநர், ஓர் ஆலோசகர், ஒரு கிளார்க். படிவம் இல்லாத முப்பத்திரண்டு பொத்தான்கள் வார்டில் இருப்பதாக அவர்களுக்கு மோப்பம் எட்டியது. இரண்டு நாளுக்குள் படிவம் வராவிட்டால் அத்தனையையும் பிடுங்கிவிடுவோம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

வயர்மேன் பதறிப்போய் படிவத்தை வாங்கி, முதல் வரியில் 'அமுக்கினால் அடிக்கும்' என்று எழுதி, மீதி ஒன்பது வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொண்டுபோனார். கிளார்க் அதை விரலால் தள்ளிவிட்டார்.

"என்னங்க இது? ஒரு அம்சம்தான் இருக்கு?"

"அது ஒண்ணுதாங்க பண்ணும்."

"வெற்றிடம் கூடாதுன்னு போட்டிருக்கு பாருங்க. எதையாவது எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"யாரு பொய் எழுதச் சொன்னா? இருக்கிறதையே பத்தாப் பிரிச்சு எழுதுங்க. யாரு படிக்கப் போறா?"

வயர்மேன் தலையைச் சொறிந்தார். பிறகு கிளார்க்கின் மேஜை ஓரத்திலேயே குனிந்து நின்று, மணியைப் பற்றித் தனக்குத் தெரிந்த உண்மைகளை ஒவ்வொன்றாக யோசித்து எழுதினார். பார்த்தாலே புரியும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அழைப்பது யார் என்று தெரியும். என்ன வேண்டும் என்று வந்து கேட்பார்கள். தெரியாமல் அமுக்கினாலும் குற்றமில்லை. சத்தம் காதுக்கு இதமாக இருக்கும். மின்சாரம் அதிகம் இழுக்காது. அப்படியும் இரண்டு வரி மிச்சமிருந்தது. 'தேவையில்லாதபோது சும்மா இருக்கும்' என்று ஒன்பதாவதை ஒப்பேற்றினார். பத்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ் டிரைவரை நினைத்துக்கொண்டு, 'நோயாளிகளுக்குப் பிடித்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளார்க் ஒன்றிலிருந்து பத்துவரை விரல் வைத்து எண்ணினார். முத்திரை குத்தினார்.

வாரியத்தின் வரலாற்றில் யாரும் ஒரு படிவத்தைப் படித்ததில்லை என்பது உண்மை. ஆனால் வயர்மேனுடைய படிவத்தைப் படித்தார்கள். ஆலோசகர் புதிதாக வேலைக்கு வந்தவர். அவருக்கு அப்போது வேறு வேலை இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு கூட்டத்துக்கு வயர்மேனைக் கூப்பிட்டார்கள். மேஜை நடுவில் ஒரு கண்ணாடித் திரை மினுமினுத்துக்கொண்டிருந்தது. இயக்குநர் அதைத் தடவிக்கொடுத்தபடி பேசினார்.

"நீங்க எழுதிக் கொடுத்த பத்து அம்சத்தையும் பரிசோதிச்சோம். அந்தச் சிவப்புப் பொத்தான்ல ஒண்ணைத் தவிர வேற எதுவுமே இல்லை. உங்க மேல நடவடிக்கை எடுத்திருக்கலாம். ஆனா எங்களுக்கு உங்க கனவு பிடிச்சிருந்தது. பத்தையும் நிஜமாக்கிட்டோம்."

ஆலோசகர் விளக்கினார். பார்த்தாலே புரியும் என்று எழுதியிருந்ததால், தொட்டவுடன் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு விளக்கப் படம் ஓடும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால் பதினொரு மொழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழைப்பது யார் என்று தெரிவதற்கு, அனுமதிச் சீட்டில் உள்ள பதினான்கு இலக்க எண். என்ன வேண்டும் என்பதற்கு இருபத்து நான்கு காரணங்கள், மூன்று பக்கங்களில். தெரியாமல் அமுக்கியவர்களைக் காப்பாற்ற, 'நிச்சயமாகவா?' என்று மூன்று தடவை கேட்கும். காதுக்கு இதமாக இடையிடையே வீணை. மின்சாரத்தைச் சேமிக்க, இருபது விநாடி தொடாமல் இருந்தால் அணைந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பக் கூப்பிடும் கட்டிலைத் தேவையில்லாத அழைப்பு என்று தானே முடிவு செய்து சும்மா இருக்கும்.

"நோயாளிகளுக்குப் பிடிச்சிருக்குன்னு நீங்க சும்மா எழுதிட்டீங்க" என்றார் ஆலோசகர் மன்னிக்கும் குரலில். "ஆதாரம் வேணாமா? அதனால இது ஒவ்வொரு தடவையும், முடிச்சாலும் முடிக்காட்டாலும், நட்சத்திரம் கேட்கும்."

"அப்ப, மணி எப்ப சார் அடிக்கும்?"

"முதல் அம்சத்தையும் நாங்க கைவிடலை" என்றார் இயக்குநர் பெருமையாக. "கடைசியில வெச்சிருக்கோம்."

வயர்மேன் அந்தத் திரையை இரண்டு கையாலும் முயன்று பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிஷம் ஓடிய பிறகு எங்கோ மெல்ல ஒரு 'டிங்' கேட்டது.

"சார், எங்க அக்காவுக்கு நாலு நிமிஷம்தான் சார் டைம். அவங்களுக்கு ஒரு கட்டைவிரல்தான் வேலை செய்யும். பதினாலு எண்ணை எப்படி சார்..."

"ஒரு விரல் போதுமே" என்றார் ஆலோசகர். "ஒரு நேரத்துல ஒரு எண்தானே அமுக்கணும்?"

"பழகினா அஞ்சே முக்கால் நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்று இயக்குநர் தைரியம் சொன்னார். "எங்க சோதனையில ஒரு கல்லூரி மாணவர் முடிச்சார்."

"அமுக்கினா அடிக்கணும் சார். வேற ஒண்ணும் வேணாம் சார்" என்றார் வயர்மேன். இயக்குநர் படிவத்தை எடுத்து அவர் முன் வைத்து, அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டினார். அது வயர்மேனுடைய கையெழுத்துதான்.

பழைய பொத்தான்களைக் கழற்றிச் சாக்கில் கட்டியதும், புதுத் திரைகளை மாட்டியதும் வயர்மேனின் கைதான். வேறு யாருக்கும் அந்த வேலை செய்யத் தெரியாது. பதினேழாம் கட்டிலுக்கு வந்தபோது மட்டும் கை ஓடவில்லை. திரையை மாட்டிவிட்டு, சிவப்புப் பொத்தானைப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தார். பெரிய சிஸ்டர் பார்த்தும் பார்க்காதது போல் நகர்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் மாடிப்படி அறையில் இரண்டு மணி கேட்டது. மேலே ஓடினார். அக்கா அவரைப் பார்த்து இடப்பக்க உதட்டால் சிரித்தாள்.

ஐந்து நாள் அந்தத் திருட்டு நடந்தது. ஆறாம் நாள் ஆலோசகர் வார்டைப் பார்வையிட வந்து, போர்வையைத் தானே சரிசெய்யும் கருணையில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"முப்பத்தொரு பேர் முன்னேறிட்டாங்க. இந்த அம்மா மட்டும் பின்தங்கி நிக்கிறதைப் பார்த்துட்டு நான் எப்படிச் சும்மா போறது?" என்று சொல்லி, பொத்தானோடு வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். அக்காவின் கட்டைவிரல் காலியான இடத்தில் இரண்டு முறை அமுங்கியது. பிறகு நின்றது.

அதன் பிறகு வயர்மேன் அக்காவின் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார். மற்ற மாடிகளில் விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. மெமோ வந்தது. அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சளி அடைத்தால் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டுமுறை அடைத்தது. இரண்டுமுறையும் அவர் சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டார். சிஸ்டர் வந்தார். அக்கா பிழைத்தாள்.

வார்டில் மற்றவர்களுக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. யாரும் திரையைத் தொடுவதில்லை. பஸ் டிரைவர் தண்ணீர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். அது கேட்காவிட்டால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். மூன்றாவது மாடியில் வாரியம் இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. முன்பு ஒரு நாளைக்கு இருநூறு அழைப்பு, இப்போது மூன்று. சாதனை என்று முடிவு செய்து விழா வைத்தார்கள்.

மதியம் இரண்டரை மணிக்கு, கீழ்த்தளக் கூடத்தில். எல்லா நர்ஸ்களும் வர வேண்டும், கூடம் நிறைந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. கருவியின் தந்தை என்று வயர்மேனுக்கு மேடையில் நாற்காலி. அவர் இயக்குநரின் அறைவாசலில் போய்க் கையைப் பிசைந்தார். பெரிய சிஸ்டரும் கூட வந்தார்.

"ஒரே ஒரு நர்ஸையாவது வார்டுல விட்டுட்டு வரேன் சார்" என்றார் பெரிய சிஸ்டர்.

"நர்ஸ் அங்கேயே நின்னா நோயாளிங்க கருவியை எப்படி நம்புவாங்க?" என்றார் இயக்குநர். "அரை மணி நேரம்தான். எதுக்கும்மா கருவி இருக்கு?"

"எனக்கு அந்த நாற்காலி வேணாம் சார்" என்றார் வயர்மேன்.

"நீங்க வரலைன்னா மூணு நாளா வேலைக்கு வராததுக்கு உங்களை இன்னைக்கே அனுப்பிடுவேன். அப்புறம் வார்டுல நோயாளிக்குத் துணையா உட்கார உங்களுக்கு என்ன அனுமதி இருக்கு?"

வயர்மேன் அக்காவிடம் குனிந்து, "அரை மணி நேரம்தான் அக்கா. இதோ வந்துடறேன்" என்றார். எழுந்தபோது சட்டை எதிலோ மாட்டியது போலிருந்தது. பார்த்தால் அக்காவின் கட்டைவிரல் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. மெதுவாக எடுத்துவிட்டுப் போனார்.

மேடையில் அவருக்குப் பின்னால் பெரிய திரை ஒன்றில் வார்டின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை. இயக்குநர் பேசினார்.

"பழைய மணி ஒரு நாளைக்கு இருநூறு தடவை அடிச்சது. அதாவது இருநூறு குறைகள்! இன்னைக்குக் காலையிலேர்ந்து எத்தனை தெரியுமா? பூஜ்யம். நாங்க குறைகளைத் தீர்க்கலை, அதைவிடப் பெரிய வேலை செஞ்சிருக்கோம். குறை சொல்ற அவசியத்தையே ஒழிச்சிருக்கோம்."

கைதட்டல்.

"அப்ப நோயாளிங்க கருவியைப் பயன்படுத்தலையான்னு சிலர் கேட்பாங்க. இதோ, பின்னாடி பாருங்க! இப்ப, இந்த நிமிஷம், ஒருத்தங்க பயன்படுத்திக்கிட்டிருக்காங்க. ஒன்பது நிமிஷமா! கையை எடுக்க மனசு வரலை அவங்களுக்கு. பதினேழாம் எண் கட்டில்..."

வயர்மேன் திரும்பிப் பார்த்தார். பச்சை நிறத்தில் பதினேழு மின்னிக்கொண்டிருந்தது.

மேடையிலிருந்து குதித்து ஓடினார். பெரிய சிஸ்டர் செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார். வழி விடாமல் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு படியேறினார்கள். வார்டுக்குள் பஸ் டிரைவர் கட்டிலிலிருந்து கீழே விழுந்து, தவழ்ந்து பாதி தூரம் வந்திருந்தார். ஹாரன் அடித்து அடித்து அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. எங்கோ வீணை வாசித்தது. அக்காவின் முகம் நீலம் பாரித்திருந்தது. பெரிய சிஸ்டர் குழாயைப் போட்டார், நெஞ்சை அமுக்கினார், விடாமல் அமுக்கினார். அமுக்கி ஒன்றும் வரவில்லை. திரையில் ஐந்து நட்சத்திரங்கள் காத்திருந்தன.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள் ஆலோசகர் மாடிப்படி அறைக்கே வந்து துக்கம் விசாரித்தார். கையில் ஒரு சட்டமிட்ட காகிதமும் ஒரு நீளமான தாளும் இருந்தன.

"உங்க அக்காதான் இதுவரைக்கும் கருவியை அதிக நேரம் பயன்படுத்தினவங்க. பதினோரு நிமிஷம், நூத்து நாலு தொடுகை. வாரியம் அவங்களுக்குச் 'சிறந்த பயனாளர்' சான்றிதழ் கொடுத்திருக்கு. விவரமெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு."

ஆலோசகர் போன பிறகு வயர்மேன் தாளைப் படித்தார். படம் ஓடியது. மொழி கேட்டது. எண்ணில் ஏழு இலக்கம்வரை போயிருந்தாள். அணைந்தது. மறுபடி படம், மறுபடி மொழி, இந்த முறை பதினொரு இலக்கம். மறுபடி அணைந்தது. அதற்குப் பிறகு அக்கா எண்களை விட்டுவிட்டாள். தாளின் கடைசிப் பாதி முழுக்க ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. 'இரட்டை அழுத்தம். பிழை. புறக்கணிக்கப்பட்டது.' கீழ்வரைக்கும் அதேதான். பத்தொன்பது முறை.

டேய். டேய். டேய்.

வயர்மேன் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். படியில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கிளார்க் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நெருங்கிய உறவினர் என்ற முறையில் அவர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டுமாம். அதே அச்சகம், அதே தாள். மேலே தலைப்பு மட்டும் வேறு: 'மரணத்துக்கான காரணங்கள்'. கீழே பத்து வரிகள்.

வயர்மேன் முதல் வரியில் 'அமுக்கினாள், அடிக்கவில்லை' என்று எழுதி நீட்டினார்.

"சங்கடமாத்தான் இருக்கு" என்றார் கிளார்க். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "ஆனா மீதி ஒன்பதைக் காலியா விட்டா மேலே வாங்க மாட்டாங்க. எதையாவது எழுதிடுங்க."

வயர்மேன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மேஜை ஓரத்தில் குனிந்து நின்று எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் மனப்பாடமாக வந்தது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

பார்த்தாலே புரியும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அழைப்பது யார் என்று தெரியும். என்ன வேண்டும் என்று வந்து கேட்பார்கள். தெரியாமல் அமுக்கினாலும் குற்றமில்லை. சத்தம் காதுக்கு இதமாக இருக்கும். மின்சாரம் அதிகம் இழுக்காது. தேவையில்லாதபோது சும்மா இருக்கும். நோயாளிகளுக்குப் பிடித்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளார்க் ஒன்றிலிருந்து பத்துவரை விரல் வைத்து எண்ணினார்.

"படிச்சுப் பார்க்கலையா?" என்று கேட்டார் வயர்மேன்.

"யாரு படிக்கப் போறா?" என்று சொல்லி, கிளார்க் முத்திரை குத்தினார்.